வேக் போட் வாங்கிய தம்பிக்கும், அன்று சிரித்தவர்களுக்கும்

சனிக்கிழமை ஏரிக்கரையில், படகு இறக்குகிற ராம்ப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும், அதனால் கதையை மறுபடி ஓட்டவில்லை. "அண்ணன் போட்டைக் காயலாங்கடைக்காரன் எடைக்குக் கேட்டானாமே" என்று என் பழைய படகைப் பார்த்து ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். கயிற்றைச் சுற்றிக்கொண்டே சிரித்தேன், வீடியோவில் அதுவும் விழுந்திருக்கிறது. சரி, போகட்டும். நான் எழுத வந்தது என் படகைப் பற்றி இல்லை.

எழுத வந்தது ஒரே ஒரு விஷயம். வாட்டர் ஸ்கீயிங்கில் ஸ்லாலம் பழக வேண்டும், கையில் காசு குறைவு, பழைய படகுதான் வாங்க முடியும் என்கிற நிலையில் இருப்பவன் படகைப் பார்க்கக் கூடாது. அது பின்னால் விட்டுப் போகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும். என்ன படகு வாங்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பியிடம் நான்கு மாதமாக இதைத்தான் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், வண்டி ஓட்டும்போது சொன்னேன், அவன் பிள்ளை பிறந்தநாளில் கேக் வெட்டும்போதுகூடச் சொன்னேன். "புரியுதுண்ணே, புரியுதுண்ணே" என்று தலையாட்டினான். ஆட்டிவிட்டுப் போய் இருபத்து நான்கு அடி வேக் போட்டை, பதினைந்து வருஷக் கடனில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு நிமிஷம். ஸ்லாலம் என்பது ஒற்றை ஸ்கீயில், அதாவது காலில் மாட்டுகிற சறுக்குப் பலகையில் நின்றுகொண்டு, கயிற்றைப் பிடித்துப் படகுக்குப் பின்னால் போவது. 259 மீட்டர் நீளம், ஆறு மிதவைகள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. படகு நட்டநடுவில் நேராகப் போகும், மிதவைகள் அந்த நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். ஆள் இடதும் வலதுமாக வெட்டி வெட்டி ஆறையும் சுற்ற வேண்டும். 55 கிலோமீட்டர் வேகத்தில் இது முழுக்க 17 விநாடி. அந்த 17 விநாடிக்குள் படகு கிளப்பும் அலையை, அதாவது வேக்கை, ஏழு தடவை குறுக்கே கடக்க வேண்டும். முழு வேகத்தில், உடம்பு முழுவதும் சாய்ந்திருக்கும்போது. அந்த இடத்தில் தண்ணீர் மேடாகவும் கட்டியாகவும் இருந்தால், மாட்டுவண்டியில் போகும்போது யாரோ சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்த மாதிரி இருக்கும். முழங்காலைக் கேளுங்கள், அது சொல்லும்.

இப்போது வேக் போட் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயரிலேயே இருக்கிறதே ஐயா. பெரிய அலை எழுப்புவதற்கென்றே செய்த படகு அது. தண்ணீர்ப் பைகளை நிரப்பி எடை ஏற்றி, பின்பக்கத்தை அமுக்கி, எஞ்சினையும் பின்னால் கொண்டுபோய் வைத்து, அலை பெரிதாக வர வேண்டும் என்று எஞ்சினியர்கள் மண்டையைப் போட்டு உடைத்துச் செய்தது. அலைச்சறுக்கு விளையாட அருமையான படகு, நான் இல்லை என்று சொல்லவே இல்லை. ஆனால் அதன் பின்னால் ஸ்லாலம் பழகுவது, மாவு அரைக்க ரோடு ரோலர் வாங்குகிற கதை.

"அந்தத் தண்ணீர்ப் பையைக் காலி பண்ணிட்டா போச்சு" என்பார்கள். தெரியும், அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்கள். காலி செய்தால் குறையும்தான். ஆனால் படகின் எடையும் அடிப்பாகத்தின் வளைவும் காலியாகாது.

அடுத்து, "இவர் என்ன உலக சாம்பியனா, ஆறு மிதவையும் சுத்துறதே கஷ்டம், இவருக்கு எதுக்கு ஸ்கீ போட்?" (ஸ்கீ போட் என்றால் அலையைச் சின்னதாக எழுப்புவதற்கென்றே செய்த படகு.) இதைச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை. அவருக்கு மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். சாம்பியன்களுக்கு வேக் பெரிய தொல்லையே இல்லை. அவர்கள் 55, 58 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள், வேகம் கூடக் கூடப் படகு தண்ணீரின் மேலே ஏறி ஓடும், அலை தட்டையாகிவிடும். கயிற்றையும் குறைத்துக்கொண்டே போவார்கள், படகை ஒட்டிய இடத்தில் அலை எழும்பவே நேரம் இருக்காது. (11.25 மீட்டருக்குக் கயிறு வந்துவிட்டால் மிதவைக்கே எட்டாது தெரியுமா? மிச்சத்துக்கு ஆள் உடம்பை நீட்டித்தான் சுற்ற வேண்டும். முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்தேன்.) அடி வாங்குவது புதிதாகப் பழகுகிறவன். அவன் 40, 45-ல் போவான், கயிறு 18.25 மீட்டர் நீளத்தில் இருக்கும். மெதுவான படகு, நீளக் கயிறு, அலை மொத்தமும் அவன் காலடியில்தான் வரும். அப்புறம் கயிறு 16 மீட்டருக்கு வரும்போது பல படகுகளின் அலையில் ஒரு குத்து இருக்கிறது, ஸ்கீ ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த குத்து. ஆக, தட்டையான வேக் வேண்டியது கற்றுக்கொள்கிறவனுக்குத்தான், கற்று முடித்தவனுக்கு இல்லை. கற்றுக்கொள்கிறவனுக்குத்தான். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

"அப்ப புது ஸ்கீ போட்டே வாங்கலாமே." வாங்கலாம், ஒரு லட்சம் டாலருக்கு மேல். எடுத்து வையுங்கள், நானே ஓட்ட வருகிறேன்.

என் காயலாங்கடை, 1994 ஸ்கீ நாட்டிக் என்கிற ஸ்கீ போட். ஃப்ளோரிடாவில் இதே ஆர்லாண்டோவில் கரெக்ட் கிராஃப்ட் கம்பெனிக்காரர்கள் கட்டியது. டிரெய்லரோடு 11,000 டாலர். எஞ்சின் நட்டநடுவில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், அதை ஒட்டிக் கயிறு கட்டும் கம்பம். இதை அழகுக்கு அப்படி வைக்கவில்லை. எடை நடுவில் இருப்பதால் பின்பக்கம் அமுங்காது. கயிறும் நடுவில் இருப்பதால், பின்னால் வருகிறவன் வெறிகொண்டு இழுத்தாலும் படகின் வால் திரும்பாது. அடியில் மீன் துடுப்பு மாதிரி சின்னச் சின்ன ஃபின்கள், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். சீட்டில் மூன்று இடத்தில் கிழிசல், அதில் டேப் ஒட்டியிருக்கிறேன். வீடியோ எடுத்தவர் அந்த டேப்பைத்தான் ஜூம் செய்திருக்கிறார். கேமராவைக் கொஞ்சம் பின்னால் திருப்பித் தண்ணீரைக் காட்டியிருக்கலாம்.

பழையது வாங்குவது என் ரத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் எங்கள் கிணற்றுக்கு அப்பா ஒரு பழைய டீசல் எஞ்சின் வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். புதுப் பச்சைப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூலையில் கிடந்த அழுக்கு எஞ்சினை ஓட்டச் சொல்லி, திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைக்காரர் பேசப் பேசக் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த எஞ்சின் பதினோரு வருஷம் தண்ணீர் இறைத்தது. அப்பாவையும் ஊரில் சிரித்தார்கள், அது வேறு கதை.

தம்பிக்கு நான் அதைத்தான் காட்டிக் கொடுத்தேன். பிப்ரவரியில் ஒக்காலா பக்கம் ஒரு படகு பார்க்க இரண்டு பேரும் போனோம், எண்பதுகளில் கட்டியது, சீட் எல்லாம் புதிதாக வெள்ளை வெளேரென்று தைத்திருந்தார்கள். அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, முகத்திலேயே தெரிந்தது. நான் ரப்பர் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன். முன்னால் டொக் டொக். எஞ்சின் பக்கம் வந்ததும் பொத் பொத். பெட்டியைத் திறந்து, எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினேன். இறுகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது, வெண்ணெயில் கரண்டி விட்ட மாதிரி. அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஸ்ட்ரிங்கர் கட்டை, அதாவது வீட்டுக்கு விட்டம் மாதிரி, உள்ளே முழுக்க உளுத்துவிட்டது என்று அர்த்தம். டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அவன் கண்ணாலேயே பார்த்தான். வரும் வழியில் "நீங்க இல்லன்னா மாட்டியிருப்பேன்ணே" என்று சொன்னதும் அவன்தான். (என் படகில் அந்தப் பிரச்சினை இல்லை, 1993 முதல் கரெக்ட் கிராஃப்ட்காரர்கள் மரமே வைப்பதில்லை. இதையும் அன்று சிரித்தவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

"பழசு அடிக்கடி நின்னு போகும்." என்னுடையது ஆறு வருஷத்தில் ஒருமுறை நின்றது. இம்பெல்லர் போனது. ஏரியிலிருந்து தண்ணீரை எஞ்சினுக்கு இழுத்து விடும் பம்ப்புக்குள் இருக்கிற ரப்பர்ச் சக்கரம், கையகலம்கூட இருக்காது. நானே மாற்றினேன். இப்போது வருஷா வருஷம் மாற்றிவிடுகிறேன். மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆயிரம் மணி ஓடிப் பராமரித்த படகு, இருநூறு மணி ஓடிக் கொட்டகையில் பத்து வருஷம் எலிக்கு வீடாக இருந்த படகைவிட எவ்வளவோ மேல். வடக்கே மிஷிகன், ஒஹாயோவிலிருந்து இறங்கி வருகிற படகு என்றால் எஞ்சின் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், குளிருக்கு முன் தண்ணீரை வடிக்க மறந்திருந்தால் உறைந்து பிளந்திருக்கும். இங்கே ஃப்ளோரிடாப் பக்கப் படகு என்றால் உப்புத் தண்ணீரில் ஓடியதா என்று கேளுங்கள். வேகத்தைப் பிடித்து வைக்கிற பெர்ஃபெக்ட்பாஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேபிள் த்ராட்டில், அதாவது கம்பியால் இழுபடுகிற ஆக்சிலரேட்டர் இருக்கிற பழைய படகில் பிறகு பொருத்திக்கொள்ளலாம். எல்லாம் பார்த்துவிட்டு, விற்கிறவரிடம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பின்னால் திரும்பி உட்காருங்கள். 45-ல் ஒரு தடவை, 55-ல் ஒரு தடவை. முன்னால் பார்க்கவே வேண்டாம்.

அவுட்போர்டு எஞ்சின், அதாவது பின்விளிம்பில் வெளியே தொங்குகிற எஞ்சின் வைத்த சின்னப் படகில் ஸ்கீ பண்ண முடியாதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தாராளமாக முடியும் அம்மா. எத்தனையோ பேர் அதில்தான் எழுந்து நிற்கவே கற்றார்கள். இந்த விளையாட்டே எளிய சாமானில்தான் தொடங்கியது: 1922-ல் மின்னசோட்டாவின் லேக் பெபின் ஏரியில், வாட்டர் ஸ்கீயிங்கைத் தொடங்கி வைத்த ரால்ஃப் சாமுவேல்சன் முதன்முதலில் தண்ணீரில் நின்றது பைன் மரப் பலகையில், நுனியைக் கொதிநீரில் போட்டு வளைத்துக்கொண்டு. கையில் நாலாயிரம் டாலர்தான் இருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள், மிதவைப் பக்கம் போகும்போது பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தங்கையிடம் எனக்குக் கோபமே இல்லை. அவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

"குடும்பத்தோட பத்து பேர் போகணும்ல?" போங்கள். பாட்டு போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு போங்கள். அதற்குப் பெயர் பிக்னிக். என்னிடம் நான்கு மாதம் கேட்டது ஸ்லாலம் படகு.

வாங்கியது அவன் காசு, அவன் கடன், நான் யார் கேட்பதற்கு என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். உண்மைதான். வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதிவிட்டு இரண்டு தடவை அழித்தேன். இருக்கிறது. ஆனால் அதைவிட, அந்த ஜோக் விழுந்தபோது அவன் என்னை ஒரு நொடி பார்த்தான், அப்புறம் சிரித்தான். அந்த ஒரு நொடி வீடியோவில் இல்லை. அவன் முதன்முதலில் ஒற்றை ஸ்கீயில் எழுந்து நின்றது அந்தக் காயலாங்கடைக்குப் பின்னால்தான், பதினேழாவது முயற்சியில். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன், அவன் போட்ட கூச்சல் கரைக்கே கேட்டது. சனிக்கிழமை அவன் புதுப் படகுக்குப் பின்னால் போய் இரண்டாவது வெட்டிலேயே முகம் குப்புற விழுந்ததை நான் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. இங்கே எழுதுகிறேன், அது வேறு.

அவனுடைய கையுறை என் எஞ்சின் பெட்டி மேலேயே கிடக்கிறது, இடது கை மட்டும். இந்த வாரம் ஆயில் மாற்ற வேண்டியிருப்பதால் படகு வீட்டு வாசலில்தான் நிற்கும், குடியிருப்புச் சங்கத்து ஹெச்ஓஏ-காரர்கள் கடிதம் போடுவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.