பிரியாணிச் சட்டி வைக்க இடமில்லாத கிறிஸ்துமஸ் மேசை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பு வாரங்களான அட்வென்டின் முதல் ஞாயிறே இன்னும் வரவில்லை. அதற்குள் நாத்தனார் வரவழைத்த இரண்டு பார்சல் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டன. பிரித்துப் பார்த்தேன். மேசை நடுவில் நீளமாக விரிக்கும் வெள்ளை ரோமம் வைத்த ரன்னர் துணி ஒன்று, பனி போல வெள்ளைத் தூள் தெளித்த பிளாஸ்டிக் பைன் காய்கள் ஒரு டஜன், ஜிகினா ஒட்டிய சிவப்புப் பூக்கள், பேட்டரியில் எரியும் குட்டி மெழுகுவர்த்திகள் 24, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மரம். அத்தனையும் சாப்பாட்டு மேசைக்கு! பார்த்ததும் போன வருடத்துக் கோபம் அப்படியே திரும்ப வந்துவிட்டது. ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி என்னால் முடியாது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில்தான் ஆண்டுதோறும் குடும்பம் முழுக்கக் கூடும். 25ஆம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு ஆராதனை. வீடு திரும்பியதும் வருகிறவர்களுக்கெல்லாம் இட்லியும் கறிக்குழம்பும். அந்தப் பந்தி ஓயும் முன்பே மதியத்துக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். மட்டன் பிரியாணி, தால்சா, கோழி வறுவல், வெங்காயப் பச்சடி. போன வருடம் இத்தனையும் முடித்து ஒரு மணிக்குத் தம்மை உடைத்து, சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறேன். மேசையில் அதை வைக்க ஒரு சாண் இடம் இல்லை. நடுவில் ரன்னர், ரன்னர் மேல் மரம், மரத்தைச் சுற்றிக் காய்கள், காய்களுக்கு இடையில் மெழுகுவர்த்திகள். ஒவ்வொருவர் இடத்திலும் தங்க நிற அடித்தட்டு, அதன் மேல் சாப்பாட்டுத் தட்டு, அதன் மேல் வளையம் போட்ட துணி, பக்கத்தில் ரிப்பன் கட்டிய முள்கரண்டி. சட்டி கையில் சுடுகிறது. நாத்தனார் சொல்கிறாள்: “மைனி, ஃபோட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் எதையும் மேசைல வச்சிராதீங்க.”

சட்டியைத் திரும்ப அடுக்களைக்கே கொண்டுபோனேன். நாற்பது நிமிடம். ஏற்றின வாசனை மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் என்றாலும் இது திருநெல்வேலிச் சீமை. மூடின அறைக்குள் பதினான்கு பேர் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம். என் மாமியாருக்கு 82 வயது, சர்க்கரை உண்டு. ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று நான் சொன்னதை நம்பிப் போட்டுக்கொண்டார். கடைசியில் கை நடுங்க ஆரம்பித்ததும் நானே ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். அந்த மேசையில் அவருக்குத் தண்ணீர்த் தம்ளர் வைக்கக்கூட இடம் இல்லாததால், ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். நாற்பது வருடமாக அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்து சாப்பாட்டைத் தொடங்கி வைக்கிறவர் அவர். அவருடைய இடத்தில் அன்றைக்கு இருந்தது சாக்லேட் நிரப்பிய ஒரு கண்ணாடிச் சாடி.

என் நாத்தனார் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பதினொன்று வரை கண் விழித்து ஆசையாகச் செய்தாள். கிறிஸ்துமஸ் மேசை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு விடாமல் காட்டிக் காட்டி, அவள் தலையில் இந்தச் சாமான்களைக் கட்டுகிறவர்கள் மேல்தான் என் கோபம்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் மேசை ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். ஆறு பேர் மேசை என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இந்த அளவுதான். மூன்றடி என்றால் 36 அங்குலம். அந்த அடித்தட்டு ஒன்று 13 அங்குலம். எதிரெதிராக இரண்டு வைத்தால் 26 போயிற்று. மிச்சம் 10 அங்குலம். வாங்கின ரன்னரின் அகலம் 14. அதாவது சோற்றுப் பருக்கை ஒன்றுகூட வருவதற்கு முன்பே மேசை நிரம்பி வழிந்துவிட்டது! தட்டுகள் ரன்னரின் மேல் ஏறிச் சாய்ந்து நின்றன. இனி பிரியாணிச் சட்டி எங்கே? தால்சா எங்கே? எலும்பு போடக் கிண்ணம் எங்கே? இதை விற்கிறவர்களில் ஒருவராவது ஒரு வீட்டு மேசையை அளந்து பார்த்திருப்பாரா?

இந்த அலங்காரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் ஆத்திரம் வரும். ஐரோப்பாவிலேயே முன்பு விருந்து என்றால் பண்டங்களை எல்லாம் மேசை நடுவில் பரப்பித்தான் வைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறைப் பரிமாறல் அங்கே பரவியது. ஒவ்வொரு பண்டமாக, ஒன்றன் பின் ஒன்றாக, வேலையாள் உள்ளேயிருந்து கொண்டுவந்து பரிமாறுவான். அதனால் மேசை நடு காலியானது. அந்தக் காலி இடத்தில்தான் பூவும் பழமும் மெழுகுவர்த்தியும் வந்து உட்கார்ந்தன. எங்கள் வீட்டில் எந்த வேலையாள் வந்து பரிமாறுகிறான்? நடுவில் இருக்கும் சட்டியிலிருந்து இடது கையால் கரண்டி பிடித்துப் பக்கத்தில் இருக்கிறவருக்கும் போட்டு நமக்கும் போட்டுக்கொள்கிறோம். நம் மேசையின் நடு காலி இடம் இல்லை. அது சோற்றின் இடம். சோற்றை எழுப்பிவிட்டுப் பைன் காயை உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் அந்த ஜிகினாத் தூள். மின்விசிறியைத் திரும்பப் போட்டதும் பச்சடியில் மினுமினுப்பு. தயிரின் மேல் பளபளவென்று மிதக்கிறது. கரண்டியால் வழித்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. அது பெரும்பாலும் பொடிப்பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக். ஒரு கிண்ணம் பச்சடியை அப்படியே கொட்டினேன். பண்டிகை நாளில் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதைப் போல வயிறு எரிகிற காரியம் வேறு இல்லை. வாசனை மெழுகுவர்த்தி என்று ஒன்றை வேறு ஏற்றினார்கள். செயற்கைப் பட்டை வாசம் தலைவலி கொடுத்ததே தவிர, சீரகச் சம்பாவின் மணம் யாருக்கும் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அந்தக் குட்டி மெழுகுவர்த்திகளுக்கு அடியில் இருப்பது பித்தான் பேட்டரி. என் இரண்டு வயதுப் பேரன் ஒன்றைக் கையில் எடுத்து, தளர்ந்திருந்த மூடியைத் திறந்தே விட்டான். வாய்க்குப் போவதற்குள் என் மகள் பிடுங்கினாள். சிறு பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், மிட்டாய்களுக்குப் பக்கத்தில், 24 பேட்டரிகளை அழகு என்று பரப்பி வைக்கிறோம். தயவுசெய்து வீட்டில் குழந்தை இருந்தால் இதை மட்டுமாவது வாங்காதீர்கள். திருகாணி போட்டு இறுக்காத மூடி என்றால் இன்றைக்கே எடுத்து வெளியே வையுங்கள்.

பனிக்காகச் சிலர் தெர்மகோலை உதிர்த்துத் தூவுகிறார்கள். அலங்காரத்துக்குத் தெர்மகோலைப் பயன்படுத்த 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2019 ஜனவரி 1 முதல், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கே தடை வந்துவிட்டது. ஆனால் டிசம்பர் பிறந்தால் இரண்டும் கடைவாசலில் தொங்குகின்றன.

பனியே விழாத ஊரில் எதற்குப் பனி என்று கேட்டால், “அதான் கிறிஸ்துமஸ்” என்கிறார்கள். இல்லை. பிரிட்டனில் ஹோலி என்ற முள்முனை இலைச் செடியை வைத்தார்கள் என்றால், குளிர்காலத்தில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது அது பச்சையாக இருந்தது. பாயின்செட்டியா என்ற அந்தச் சிவப்புப் பூச்செடி மெக்சிகோவைச் சேர்ந்தது. டிசம்பரில் அங்கே அது சிவந்து நிற்கும், அதனால் அதை எடுத்தார்கள். அட்வென்ட் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற போதகர், தம் இல்லத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரியது, மற்ற நாள்களுக்குச் சிறியது. கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது அது. ஒவ்வொரு ஊரும் தன் டிசம்பரில் இருந்ததைத்தான் எடுத்தது. நம் டிசம்பரில் என்ன இல்லை? தோவாளைச் சந்தையில் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்து கிடக்கின்றன. மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் எத்தனை அழகாகப் பின்னுகிறார்கள். என் அப்பா வாளியில் ஈர மணலைக் கொட்டிச் சவுக்குக் கிளையை நட்டு வைப்பார். குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போட்டுப் பச்சைப் புல் வளர்ப்போம். அதையெல்லாம் பழசு என்று ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் ஹோலியைப் பணம் கொடுத்து வாங்குவதை என்னால் சகிக்கவே முடியவில்லை.

2023 கிறிஸ்துமஸை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டின மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. தூத்துக்குடியில் என் பெரிய நாத்தனார் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர்கள் குடும்பத்தோடு எங்களிடம் வந்துவிட்டார்கள். அந்த வருடம் வாசலில் ஒரு காகித ஸ்டார் மட்டும்தான். மேசையைச் சுவர் ஓரமாகத் தள்ளி, சட்டிகளை எல்லாம் அதன் மேல் வரிசையாக வைத்தோம். அத்தை மட்டும் மேசைத் தலைமாட்டில். மற்றவர்கள் எல்லாரும் பத்தமடைப் பாயில் உட்கார்ந்தோம். மேசை முழுக்கச் சோறும் கறியும். வீட்டை விட்டு வந்த பெரிய நாத்தனாரின் கணவர் இரண்டாம் முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார் என்று பெரிய நாத்தனார் என்னிடம் அடுக்களையில் சொல்லி அழுதார்கள். அந்த மேசையில் அலங்காரம் எதுவும் இல்லையே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஆசை உண்டு. ஜன்னலில் சீரியல் பல்பு போடட்டும், கதவில் ஓலை நட்சத்திரம் தொங்கட்டும், அலமாரி மேல் அட்வென்ட் மெழுகுவர்த்திகளை ஏற்றட்டும். மேசைக்கு வெள்ளைப் பருத்தி விரிப்பு ஒன்று போதும், தால்சா கொட்டினால் துவைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு கிண்ணத்தில் செவ்வந்தி, சட்டி வரும்போது ஒரு கையால் தூக்கி ஓரமாக வைக்கிற அளவில். ஃபோட்டோ எடுக்க வேண்டுமா? சாப்பாடும் ஆட்களும் மேசைக்கு வந்த பிறகு எடுக்கட்டும். யார் தடுத்தார்கள்?

அந்த இரண்டு பார்சலையும் இன்று காலையில் திரும்பக் கட்டி நாத்தனாருக்கு ஃபோன் செய்துவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான், குரலிலேயே தெரிந்தது. “சரி மைனி, மரத்த மட்டுமாவது வைக்கலாமே” என்றாள். வாசலில் வைத்துக்கொள் என்றேன். மேசையின் தலைமாட்டில் அத்தையின் தட்டு இருக்கும், பக்கத்தில் தண்ணீர்த் தம்ளர், மாத்திரை டப்பா, எலும்பு போட ஒரு கிண்ணம். அங்கே வேறு எதையும் வைக்க நான் விடமாட்டேன்.