ஃபோல்டரின் பெயரைத் தொடாதீர்கள்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினியில் ரயில் ஓட்டும் ஓபன் ரெயில்ஸ் விளையாட்டில் பலமுறை ஓட்டிப் பழகிய ஆக்டிவிட்டி (முன்பே அமைத்துவைத்த ஒரு ரயில் பயணம்) ஒன்றைத் திறந்தேன். ரேக்கின், அதாவது பெட்டித் தொடரின், முன்னால் நிற்க வேண்டியது ஈரோடு ஷெட்டின் (எஞ்சின் பணிமனையின்) டபிள்யூஏபி-4 வகை மின் எஞ்சின். நின்றதோ வடக்கே எங்கோ இருக்கும் வேறொரு ஷெட்டின் எஞ்சின். முந்தைய நாள் புதிதாக இறக்கிய ஆட்-ஆனின் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் எஞ்சின் தொகுப்பின்) ஃபோல்டருக்கும் 'டபிள்யூஏபி4' என்றே பெயர். உள்ளே இருந்த கோப்புக்கும் அதே பெயர். ஜிப்பை விரித்த நொடியில் பழையதை அது அழித்துவிட்டது. "மாற்றலாமா?" என்று கணினி கேட்டபோது யோசிக்காமல் "ஆம்" என்று அழுத்தியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டரின் கோப்பு முறையைத்தான் ஓபன் ரெயில்ஸ் இன்றும் படிக்கிறது. அந்த முறையில், எந்த எஞ்சினும் பெட்டியும் எந்த வரிசையில் என்று சொல்லும் கான்சிஸ்ட் கோப்பு, ஒவ்வொரு வாகனத்தையும் அதன் கோப்புப் பெயர், ஃபோல்டர் பெயர் என்ற இரண்டை மட்டும் வைத்தே தேடுகிறது. ஆகவே ஃபோல்டரின் பெயர் வெறும் பெயரன்று, வாகனத்தின் முகவரியே அதுதான். திரையில் தெரியும் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முகவரியை மாற்றினால், அதை நம்பி மற்றவர்கள் எழுதிய அத்தனை கான்சிஸ்டுகளும் அநாதையாகிவிடும்.

அந்த மைக்ரோசாஃப்ட் விளையாட்டுடன் வந்த ஆறு ரூட்டுகளில் (ரயில் ஓட்டும் பாதைகளில்) இந்த வேறுபாடு தெளிவாகவே இருந்தது. பட்டியலில் மரியாஸ் பாஸ் என்று தெரிந்த ரூட், கணினியில் 'யூஎஸ்ஏ2' என்ற ஃபோல்டரில் இருந்தது. வறண்ட பெயர்தான், ஆனால் யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. பெயர் வைப்பதில் நான் கண்ட மிகச் சிறந்த வேலை எக்ஸ்டிராக்ஸ் என்ற தண்டவாளத் தொகுப்பு. அதில் 'ஏ1டி500ஆர்10டி' என்று ஒரு துண்டு இருந்தால், ஒற்றைப் பாதை, 500 மீட்டர் ஆரம், 10 டிகிரி வளைவு என்பது படத்தைத் திறக்காமலே புரியும். ரூட் வரைபவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

டிரெய்ன்ஸ் என்ற மற்றொரு ரயில் விளையாட்டு வேறு வழியில் போனது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் 'குயிட்' என்ற எண் உண்டு: முதலில் படைத்தவரின் எண், பிறகு பொருளின் எண், கடைசியில் பதிப்பு எண். ஒருவர் பொருளோடு இன்னொருவர் பொருள் மோதாது. ஆனால் எண்ணை நம்பிப் பெயரில் அலட்சியம் வந்துவிட்டது. 'மரம் 1', 'வீடு புதுசு' என்ற பெயர்களுக்கு நடுவே வேண்டியதைத் தேடுவது தனி வேதனை.

பெயரும் குறியீடும் வேறு என்பதை ரயில்வேயிடமிருந்தே கற்கலாம். மதராஸ் 1996இல் சென்னை ஆனது. சென்ட்ரல் நிலையத்துக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது, நிலையக் குறியீடு இன்றும் எம்ஏஎஸ்தான். ரயில்வேயும் எப்போதும் இப்படி இருப்பதில்லை: முகல்சராய்க்குத் தீனதயாள் உபாத்யாயா என்ற புதுப் பெயர் வந்தபோது எம்ஜிஎஸ் போய் டிடியூ வந்தது. அதனால்தான் ரூட்டின் பெயரில் காலமும் இருக்க வேண்டும் என்கிறேன். 'சென்னை கடற்கரை–தாம்பரம்' என்று மட்டும் எழுதினால், அது மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிய காலமா, இன்றைய பிராட் கேஜா என்று எப்படித் தெரியும்? பெயரோடு ஓர் ஆண்டைச் சேர்த்தால் போதும், எந்த வண்டியை ஓட்டலாம் என்பதே தெளிவாகிவிடும்.

எஞ்சின் செய்பவர்களிடம் நான் கேட்பது சிறியது. ஃபோல்டர் பெயரின் தொடக்கத்தில் உங்கள் அடையாளமாக மூன்றெழுத்து, அடுத்து எஞ்சின் வகை, ஷெட், எஞ்சின் எண். இடைவெளி வேண்டாம், 'நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல்2' வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் சொல்பவன் வெளியிட்ட முதல் ரூட்டின் ஃபோல்டர் பெயர் 'டெஸ்ட்2'. அதற்கென்று நண்பர்கள் எழுதிய ஆக்டிவிட்டிகளின் ஜிப்பை விரித்தால், அவை அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் போய் விழும். எனவே அது இன்றும் 'டெஸ்ட்2' ஆகவே இருக்கிறது.