பெட்டியில் எழுதிய பூஜ்யம்

பிரிட்டனில் தனியார் நிறுவனங்கள் 2020-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளுக்குச் செலவிட்ட தொகை 26.9 பில்லியன் பவுண்டு என்று அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் முதலில் அறிவித்தது. 2022 நவம்பரில் அதே ஆண்டின் தொகை 40 பில்லியனுக்கும் மேல் என்று அதே அலுவலகமே திருத்தியது. முடிந்துபோன ஓர் ஆண்டுக்கு யாரும் போய்ப் புதிதாகச் செலவு செய்துவிட முடியாது. மாறியது கணக்கிடும் முறை மட்டுமே. ஒரு சிறு பொறியியல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்தத் திருத்தத்தில் எனக்கும் கடுகளவு பங்கு உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த எண் சாதாரண எண் அல்ல. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவை 2027-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.4 விழுக்காடாக உயர்த்துவது என்று 2017-இல் அரசு இலக்கு வைத்தது. அதை எட்ட முடியுமா, முடியாதா என்று ஐந்து ஆண்டுகள் பட்டிமன்றம் நடந்தது. புதிய கணக்கு வந்தபோதுதான், அந்த இலக்கை நாடு எப்போதோ கடந்துவிட்டிருந்தது தெரிந்தது. 2014 முதல் ஆராய்ச்சிச் செலவு முதலீடாகக் கருதப்பட்டு உள்நாட்டு உற்பத்திக் கணக்கிலேயே சேர்க்கப்படுவதால், இந்தப் பிழை ஓர் அறிக்கையின் பக்கங்களுக்குள் அடங்கிவிடும் பிழையும் அல்ல.

கூட்டலில் யாரும் தவறவில்லை. கணக்கெடுப்புக்கு ஒரு பட்டியல் வேண்டும்; ஆராய்ச்சி செய்வதாக ஏற்கெனவே தெரிந்த நிறுவனங்களே அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருந்தன. மருந்து, விமானம், கார் போன்ற துறைகளின் பெரிய நிறுவனங்களிடமிருந்து விரிவான படிவங்கள் ஒழுங்காக வந்தன. ஆனால் பத்துப் பேரோ இருபது பேரோ வேலை செய்யும், புதிதாகத் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனமோ கருவி செய்யும் பட்டறையோ பட்டியலில் ஏறுவதற்கே ஆண்டுகள் பிடித்தன. வந்த படிவங்களை எத்தனை முறை சரிபார்த்தாலும், வராத படிவங்களில் என்ன இருந்திருக்கும் என்பதை அந்தச் சரிபார்ப்பு சொல்லாது.

என்னை உறுத்துவது, இதற்கான தடயம் பக்கத்துத் துறையிலேயே வெளிப்படையாகக் கிடந்தது என்பதுதான். ஆராய்ச்சிச் செலவுக்கு வரிச்சலுகை உண்டு. 2019-20-க்கு நிறுவனங்கள் அந்தச் சலுகை கேட்டுக் காட்டிய செலவு 47.5 பில்லியன் பவுண்டு என்று வரித்துறை வெளியிட்டது. 2019-க்குப் புள்ளியியல் அலுவலகம் சொன்னது சுமார் 26 பில்லியன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. வரித்துறை எண்ணுவது நிதியாண்டு. வெளிநாட்டில் செய்வித்த ஆராய்ச்சியும் அன்று அதில் வரலாம். கட்டடம் போன்ற மூலதனச் செலவு வராது. இவை உண்மையான காரணங்கள்தாம். ஆனால் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனபோதும் இதே காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது சமாதானமே தவிர விளக்கம் ஆகாது. எந்தக் காரணத்தால் எத்தனை பில்லியன் வித்தியாசம் என்று பிரித்துக் காட்டச் சொல்லி அன்றே கேட்டிருந்தால், மிச்சம் நிற்கும் தொகை எவ்வளவு பெரியது என்பது தெரிந்திருக்கும்.

இனி என் பங்கு. நான் வேலை பார்த்த இடத்தில், வெல்டிங் செய்யும்போது சூட்டில் வளையாமல் நிற்கும் ஒரு ஜிக், அதாவது பாகங்களை இடம் மாறாமல் பிடித்து நிறுத்தும் சட்டம், செய்வதற்காக எங்கள் பட்டறைக்காரர் ஒருவர் எட்டு மாதம் மல்லுக்கட்டினார். பதினொரு முறை வடிவம் மாற்றினார்; ஒவ்வொன்றையும் ஏன் கைவிட்டார் என்று எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் எழுதியும் வைத்தார். அந்த ஆண்டு புள்ளியியல் படிவம் வந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நிரப்பி அனுப்புவது கட்டாயம். ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று முதலாளியிடம் கேட்டேன். நம்மிடம் ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது, நாம் செய்வது பிழைப்பு என்றார். பெட்டியில் பூஜ்யம் எழுதி அனுப்பினேன். சில மாதம் கழித்து, கிடைக்கும் சலுகையில் பங்கு பேசிக்கொண்டு வரி ஆலோசகர் ஒருவர் வந்தார். அதே ஜிக், அதே நோட்டு, அதே எட்டு மாதச் சம்பளம் இப்போது ஆராய்ச்சி ஆயிற்று. கூடவே, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மேலாளரின் சம்பளத்திலும் கால்வாசி சேர்ந்துகொண்டது.

எது ஆராய்ச்சி என்பதற்கு வரையறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓஇசிடி வெளியிடும், இத்தாலியின் ஃபிரஸ்காட்டி நகரின் பெயரால் வழங்கும் கையேடு 1963 முதல் இருக்கிறது. அதன் 2015 பதிப்பு ஐந்து அளவுகோல்களைச் சொல்கிறது: புதுமை, படைப்புத்திறன், முடிவு முன்கூட்டித் தெரியாத தன்மை, முறைமை, பிறர் எடுத்துப் பயன்படுத்தத்தக்க தன்மை. எங்கள் ஜிக் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாண்டியிருக்கும். மேலாளரின் சம்பளம் எதையும் தாண்டாது. ஆகவே என் பூஜ்யமும் தவறு, ஆலோசகரின் தொகையும் தவறு.

இதனால்தான், வரித்துறையின் எண்ணே உண்மை, கணக்கெடுப்புத்தான் பொய் என்று பேசியவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 2020-21-இல் இந்தச் சலுகையில் பிழையாகவும் மோசடியாகவும் போனது 16.7 விழுக்காடு, அதாவது 1.13 பில்லியன் பவுண்டு என்று 2023-இல் வரித்துறையே மதிப்பிட்டது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான திட்டத்தை மட்டும் எடுத்தால் அது 24.4 விழுக்காடு. கணக்கெடுப்பு யாரைத் தவறவிட்டதோ, அவர்களிடம்தான் வரிக்கணக்கு அதிகம் ஊதிப்போயிருக்கிறது.

திருத்தத்தின்போது புள்ளியியல் அலுவலகம் வரித்துறை எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பதில் அனுப்பிய சிறு நிறுவனங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, விடுபட்டவற்றையும் அவை பிரதிநிதித்துவப்படுத்துமாறு செய்தது. பின்னர் படிவம் அனுப்பும் நிறுவனங்களின் மாதிரியையும் விரிவாக்கியது. பிழையை மறைக்காமல் முன்கூட்டியே அறிவித்தது அதற்குப் பெருமைதான். ஆனால் எடை கூடக் கூட ஒவ்வொரு பதிலின் பிழையும் கூடுகிறது. என்னைப்போல் ஒருவன் எழுதிய பூஜ்யம் முன்பு ஒரு பூஜ்யமாக இருந்தது. இப்போது அது எத்தனையோ பட்டறைகளின் சார்பில் பேசும் பூஜ்யம். பதில் தந்தவர்களில் சிலரையாவது மறுபடி அழைத்து, எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று கேட்பது தர உறுதிப்பாட்டின் மையப் பணியாக இருக்க வேண்டும் என்பதும், அப்படிக் கேட்டதில் கிடைத்த விலகலைத் தலைப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பதும் என் கருத்து. முறையியல் இணைப்பின் நாற்பதாம் பக்கத்தில் போட்டுவைத்தால் அமைச்சரும் படிக்கமாட்டார், நிருபரும் படிக்கமாட்டார்.

இன்னொரு முறை படிவம் வந்தபோது முதலாளியிடம் கேட்கவில்லை. நேரே பட்டறைக்குப் போய் அந்த நோட்டை வாங்கி, எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று கூட்டினேன். கூட்டி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. வந்த தொகை ஆலோசகர் காட்டியதில் பாதிகூட இல்லை. அதைத்தான் பெட்டியில் எழுதினேன்.