“சிவப்பு நிறம், சேர்”

போன சிறுபோகத்தில் எங்கள் வயல் வாடியில் (காவல் குடிசையில்) இருந்த, தண்ணி இறைக்கிற மெஷினைக் களவெடுத்துவிட்டார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. எனக்கு உறைத்தது பொலிசில்தான். முறைப்பாடு எழுதியவர் “இயந்திர இலக்கம் என்ன?” என்றார். தெரியாது. பில்? இல்லை. “அடையாளம் ஏதும்?” “சிவப்பு நிறம், சேர்.” அவர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம் எந்த வாடியை எட்டிப் பார்த்தாலும் ஒரு சிவப்பு மெஷின் இருக்கும்.

இத்தனைக்கும் அடையாளம் வைப்பதில் நாம் ஒரு காலத்தில் கெட்டிக்காரர்கள். அம்மம்மாவின் பட்டியில் ஒவ்வொரு மாட்டின் தொடையிலும் குடிக்குறி, அதாவது எங்கள் குடியின் (தாய்வழி வம்சத்தின்) அடையாளம், சுட்டிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவர்கூட தழும்பைத் தடவிப் பார்த்து, இன்ன குடியாரின் மாடு என்பார். வழிதவறிய நாகு நாலு ஊர் தாண்டிப் போனாலும் சேதி வீடு வந்துவிடும். சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாட்டுக்குக் குறியும் வேண்டும், விற்றால் உரிமைச் சீட்டும் வேண்டும் என்கிறது. இப்போது? பெரும்போகத்துக்கு மாடுகளை மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துவிட்டு, எண்ணிக்கையை மனக்கணக்கில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. மண்முனைத்துறையில் பாலம் வருவதற்கு முன், இந்த வழியால் எதைக் கொண்டுபோனாலும் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். களவு மாட்டோடு அங்கே போய் நிற்க எவனுக்குத் துணிவு வரும்? 2014 இல் பாலம் திறந்தார்கள். வயிற்றுவலிக்காரியை இரவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எவரும் பாலத்தைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு பட்டா வாகனமும் (சின்ன லொறியும்) அதே பாலத்தால்தான் போகிறது.

போதைக்காரப் பொடியன்கள்தான் எடுக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். அவன் மெஷினைத் தின்னப் போவதில்லையே! விடியுமுன் அதற்குக் காசு கொடுக்கிற ஒருவன் இருக்கிறான். அவன் போதையில் இல்லை, நல்ல நிதானத்தோடு அரை விலை பேசுகிறான். பிடிபட்ட பொடியனை மரத்தில் கட்டி அடித்து வீடியோ போடுகிற நாம், வாங்கியவரின் கடையில் அடுத்த நாள் போய்த் தேநீர் குடிக்கிறோம். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்தான். பழைய இரும்புக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் “சீட்டு எங்கே, பில் எங்கே?” என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் களவு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். நாமும் ‘மலிவாக வந்தது’ என்று வாங்குவதை விட வேண்டும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூசுகிறது. போன மெஷினை நான் வாங்கியதும் பில் இல்லாமல்தான்.

புது மெஷின் வாங்கிவிட்டேன். இலக்கத்தைப் படம் பிடித்து, கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன். வெல்டிங் கடையில் கொடுத்து டாங்கிக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டத்தில் எங்கள் குடிக்குறியையும் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மகன், இனி இதையும் பட்டியில கட்டப் போறியா?”