சாமி லைட்டை அணைச்சா கரண்டு பில்லு குறைஞ்சிடுமா?

ரெண்டு மாசத்துக்கு முன்னால, இங்க மலேசியாவுல, எங்க வீட்டுக் கரண்டு பில்லு 250 வெள்ளிய, அதாவது ரிங்கிட்டத் தாண்டிடுச்சு. அன்னிக்கு ராத்திரி வீட்டுல நடந்ததுக்குப் பேரு பேச்சுவார்த்தை இல்ல, பெரட்டு. தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி மண்டோர் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சுப் பேரு கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டேதான். மாமா, அதான் வீட்டுக்காரரோட அப்பா, நாக்காலியில. இவரு பில்லக் கையில பிடிச்சுக்கிட்டு. பையன் தலைய நிமித்தாம போனுக்குள்ள. நடுவுல குத்தவாளியா நான்.

"பகல் பூரா வீட்டுல இருக்கறது நீதானே"ன்னாரு இவரு. என் தையல் மெஷின் மேலதான் சந்தேகமாம். வீட்டுல ரவிக்கை தைக்கிற சின்ன மெஷின்ங்க அது, மோட்டார் 100 வாட்டு. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாசம் 26 நாள் ஓட்டினாலும் பத்து யூனிட்டச் சுத்திதான் வரும். காசாக் கணக்குப் பார்த்தா அஞ்சு வெள்ளி கூட இல்ல. அந்த மெஷின்ல வர்ற காசுலதான் இந்தப் பில்லையே கட்டறேன். அத யாரு கேக்கறா?

அடுத்த தீர்ப்பு மாமாவோடது. "சாமி லைட்டு ராப்பகலா எரியுதும்மா. அத அணைச்சாலே பாதி கொறையும்."

மாமா மேல எனக்குக் கோவம் இல்ல. கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பால் வெட்டின மனுஷன். அவுங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்டு இஞ்சின் போட்டா ராத்திரி பத்து மணிக்கு டப்புன்னு நிறுத்திருவாங்களாம். அதுக்குள்ள சாப்பிட்டுப் பாயப் போட்டுடணும். லைட்டுன்னா யாரோ எண்ணி எண்ணிக் குடுக்கற பொருள்னு மனசுல பதிஞ்சுபோச்சு. இப்பவும் யாராவது ஒரு ரூம்ப விட்டு வெளிய வந்தா, பின்னாடியே போய் சுவிச்சத் தட்டிட்டு வருவாரு. நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கறப்பவே அணைச்சிருக்காரு. அது கூடப் பரவாயில்ல.

எனக்கு எரிச்சல் யாரு மேலன்னா, படிச்சவங்க மேல. கரண்டு மிச்சப்படுத்த வழி சொல்றேன்னு வாட்சாப்புல நாளைக்கு நாலு செய்தி வரும். லைட்ட அணைங்க, போன் சார்ஜரப் பிடுங்குங்க, டிவிய மெயின்ல நிறுத்துங்க. இவரு எல்லாத்தையும் எனக்கே அனுப்புவாரு. அனுப்பிட்டு நேரா போயி ஹீட்டரப் போட்டு இருபது நிமிஷம் குளிப்பாரு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லா சுவிச்சையும் அணைச்சேன். ஐஸ் பெட்டி வயரையும் பிடுங்கிட்டேன். வாசல் செவத்துல மீட்டர் இருக்குல்ல, அதுல ஒரு சின்ன சிவப்புப் பொட்டு மினுக்கும். எவ்வளவு கரண்டு உள்ள போகுதோ அவ்வளவு வேகமா மினுக்கும். மொதல்ல சாமி லைட்ட மட்டும் போட்டேன், போட்டுட்டு மீட்டர் முன்னாடி வந்து நின்னேன். நின்னேன்... நின்னுக்கிட்டே இருந்தேன். கொசு ரெண்டு காலையும் தின்னுடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா வேலியத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்னாச்சுலா, மீட்டருக்கு சாமி கும்பிடறியா?"ன்னு கேட்டாங்க. பொட்டு இன்னும் மினுக்கல. அப்புறம் பையன விட்டு ஹீட்டரப் போடச் சொன்னேன். போட்டதுதான் தாமதம், நாடி ஓடற மாதிரி அடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

சாமி மேடையில இருக்கறது 5 வாட் எல்இடி. முப்பது நாளும் இருபத்து நாலு மணி நேரமும் எரிஞ்சாலும் 3.6 யூனிட்டுதான், ஒரு வெள்ளி அறுபது காசு. குளியலறை ஹீட்டரு 3,500 வாட். ஆளுக்குக் கால் மணி நேரம், நாலு பேருன்னா ஒரு நாளைக்கே மூணரை யூனிட். அதாவது சாமி லைட்டு ஒரு மாசம் எரியற கரண்டு, எங்க வீட்டு ஒரு நாள் குளியல்ல வடிஞ்சு போவுது. மாசத்துக்கு 105 யூனிட்!

இதுல பெரிய கூத்து என்னன்னா, நாம இருக்கறது சுங்கை சிப்புட். குளிரு ஊரா இது? தண்ணித் தொட்டி கூரைக்கு அடியில இருக்கு. மதியம் ரெண்டு மணிக்குக் குழாயத் திறந்தா கோழி உரிக்கற அளவுக்கு சுடுதண்ணி வருது, ஓசியில. அந்தத் தண்ணியில குளிக்கறதுக்கும் ஹீட்டரப் போடற ஆளு எங்க வீட்டுல இருக்காரு. யாருன்னு சொல்ல மாட்டேன், வாட்சாப்புல செய்தி அனுப்பற ஆளுதான். நைட் ஷிப்டு முடிஞ்சு காலையில வர்றவருக்கு உடம்பு வலி இருக்கும், சுடுதண்ணி ஊத்தட்டும், வேணாங்கல. ஹீட்டர்ல ஒரு திருகு இருக்கு, அதக் கொஞ்சம் குறைச்சு வெக்கலாம். சோப்பு போடற நேரத்துல நிறுத்தலாம். சொன்னா, "குளிக்கறதுக்கும் கணக்கா?"ங்கறாரு. லைட்டுக்கு மட்டும் கணக்கு இருக்கு.

அடுத்தது ஏர்கோன். பையன் ரூம்புல 1 குதிரைசக்தி, பழைய மாடல், கம்ப்ரசர் வேகத்தத் தானா கூட்டிக் குறைச்சுக்கற இன்வெர்ட்டர் வகை இல்ல. 16-ல வெச்சுட்டு ஜமுக்காளத்தத் தலை வரைக்கும் இழுத்துப் போத்திக்குவான். "ஏன்டா தம்பி 16?"ன்னா, "அப்பதாம்மா சீக்கிரம் குளிரும்"ங்கறான். படிச்ச புள்ள! 16-ல வெச்சாலும் 24-ல வெச்சாலும் இந்த மாதிரி மெஷினு குளிர வெக்கற வேகம் ஒண்ணுதான்டா. 24-ல வெச்சா ரூம்பு அந்த சூட்டுக்கு இறங்கினதும் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும். 16-ல வெச்சா விடிய விடிய நிக்காது, ஏன்னா நம்ம கூரைக்குக் கீழ அந்த ரூம்பு ஒருநாளும் 16-க்கு இறங்கப் போறதில்ல. ராத்திரி ஒன்பது மணி நேரம் அப்படி ஓடினா மாசம் 200 யூனிட்டுக்கு மேல அந்த ஒத்த பொட்டியே தின்னுடும். அரசாங்க ஆபீசுலயே 24-க்குக் கீழ இறக்காதேன்னு உத்தரவு. இவன் என்ன மந்திரியா?

சரின்னு மூடியத் திறந்து பில்டரக் கழட்டினேன். கடைசியா எப்பக் கழுவினோம்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. குழாயில காட்டினா காப்பி டிகாஷன் மாதிரி தண்ணி இறங்குது. நாளு பூரா செம்பனை லோரி போற ரோட்டோரத்துல வீடு, தூசிக்கு என்ன பஞ்சம். கழுவி மாட்டி, 25-ல வெச்சு, கூடவே காத்தாடியையும் ஓட விட்டேன். காத்தாடிக்கு 70 வாட்டுதான். பையன் அரை மணி நேரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தான், அப்புறம் தூங்கிட்டான். காலையில ஜமுக்காளம் இடுப்புக்குக் கீழ கிடந்துச்சு.

இப்ப வர்றேன் நிஜமான திருடங்கிட்ட. பின்னாடி அடுப்படியில ரெண்டாவது ஐஸ் பெட்டி ஒண்ணு நிக்குது, எங்க அத்த வாங்கினது. அத்த போயி ஆறு வருஷமாச்சு. பொட்டி மட்டும் ஒரு நாளும் ஓய்வில்லாம ஹூம்... ஹூம்...னு முனகிக்கிட்டே நிக்கும். உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு நாள் எண்ணினேன். தண்ணி போத்தல் மூணு. நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். வடு மாங்கா அரை ஜாடி. தீவாளிக்கு வாங்கின ஆட்டுக்கறி, எந்தத் தீவாளின்னு கேக்காதீங்க. இதுக்குத்தான் மாசம் பூரா கரண்டு.

காலண்டர்ல அன்னிக்குத் தேதித் தாளக் கிழிச்சுக் கதவுல வெச்சு மூடினேன். நல்ல ரப்பரா இருந்தா தாளை இழுத்தா வராது, பிடிச்சுக்கும். நான் இழுக்கவே இல்ல, அதுவா நழுவிக் கீழ விழுந்துச்சு. ரப்பர் கறுத்துப் போயி, வெடிச்சு, ஓரத்துல பூஞ்சை. விரல விட்டா ஜில்லுனு காத்து வெளிய வருது. அடுப்படியக் குளிர வெக்கறதுக்கு நாம காசு கட்டிக்கிட்டு இருக்கோம்! கதவு சரியா மூடலேன்னா கம்ப்ரசர் நிக்கவே நிக்காது. 150 வாட்டு மேனிக்கு ராப்பகலா ஓடினா 108 யூனிட். முன்னாடி இருக்கற ஐஸ் பெட்டிக்கு ரப்பர் நல்லாத்தான் இருக்கு, ஆனா செவத்தோட ஒட்டி நின்னு பின்பக்கம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு சாண் முன்னால இழுத்து விட்டேன்.

"அந்தப் பழசு வேணாங்க"ன்னு இவருகிட்ட சொன்னேன். "அம்மா வாங்கினது"ன்னாரு. அதுக்கு மேல என்ன பேச முடியும்? ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் வயர மட்டும் பிடுங்கிட்டு, பொட்டிய அங்கயே விட்டுட்டேன். எங்க அரிசி மூட்டை இப்ப அதுக்குள்ளதான். எலி அண்டாது.

இவ்வளவு ஏன் கத்தறேன்னா, இப்ப கணக்கே மாறிப்போச்சு. 2025 ஜூலை 1-லேருந்து தீபகற்ப மலேசியாவுல புதுக் கட்டணம். வீட்டுக்கு யூனிட்டுக்கு 44.43 சென், அதான் காசுன்னு போட்டிருப்பாங்க, பார்த்தா நெஞ்சடைக்கும். ஆனா குறைச்சலா எரிக்கறவங்களுக்குத் தள்ளுபடி உண்டு. 200 யூனிட்டுக்குள்ள நின்னா யூனிட்டுக்கு 25 சென் கழிவு, ஏற ஏற அது தேஞ்சு 1,000-த்தத் தாண்டினா ஒண்ணும் கிடையாது. அந்தக் கழிவும் மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் கணக்கு, அதனால ஒரு படி ஏறினா எல்லா யூனிட்டுக்கும் கழிவு சுருங்கிடும். அதுலயும் 600-ங்கற கோடு இருக்கே, அதத்தான் நாம கவனிக்கணும். தாண்டினா மாசம் 10 வெள்ளி தனிக் கட்டணம், தாண்டின யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி, எரிபொருள் விலை ஏறினா அந்த ஏத்தமும் நம்ம தலையில. நாங்க நின்னது 640. ஐம்பதே ஐம்பது யூனிட் குறைஞ்சு 590-ல நின்னிருந்தா கிட்டத்தட்ட 40 வெள்ளி மிச்சம், நான் ஒரு ரவிக்கை தைக்கிற கூலி. சாமி லைட்ட வருஷம் பூரா அணைச்சு வெச்சாலும் அந்த ஐம்பது யூனிட் வராது.

மத்ததெல்லாம் சில்லறை. சோறு வெந்ததும் குக்கர் வயரப் பிடுங்கறேன், ராத்திரி பூரா சூடு பண்ணிக்கிட்டு இருக்க வேணாம். பள்ளிக்கூட உடுப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல தேய்ச்சிடறேன். இனிமே கடையில ஏதாவது வாங்கினா அந்த நட்சத்திர லேபலத் திருப்பிப் பாருங்க. நட்சத்திரத்தோட வருஷத்துக்கு எத்தன யூனிட்டுன்னும் அதுல போட்டிருக்கும். விக்கற ஆளு அத மறைச்ச மாதிரி நின்னுக்கிட்டு "இது நல்லா குளிரும்கா"ன்னுதான் சொல்லுவாரு.

நேத்து புதுப் பில்லு வந்துச்சு. 488 யூனிட், 160 வெள்ளி சொச்சம். இவரு ரெண்டு தடவ படிச்சாரு, பையனும் எட்டிப் பார்த்தான். நான் அடுப்படியில நின்னு, யாராவது ஒரு வார்த்த சொல்லுவாங்களான்னு காது குடுத்துக்கிட்டு இருக்கேன்.

மாமாதான் வாயத் திறந்தாரு. "பாத்தியா, நாந்தான் அப்பவே சொன்னேன்ல? ஒரு மாசமா ராத்திரி நீங்க எல்லாம் தூங்கினப்புறம் எந்திரிச்சு அந்த சாமி லைட்ட அணைச்சுட்டு வந்து படுக்கறேன்."

இவரு பில்ல மடிச்சுக்கிட்டே, "ஆமாப்பா, நல்ல கொறச்சல்தான்"ங்கறாரு!

காலையில டீக்கடையில சொல்லிட்டாரு போல. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்னு, "உங்க மாமா சொன்னாரு, நாங்களும் சாமி லைட்ட அணைச்சுட்டோம்லா"ன்னு சொல்றாங்க. அவுங்க பின்னாடி, கூடத்துல, கதவத் திறந்து போட்டபடியே ஏர்கோன் ஓடிக்கிட்டு இருக்கு.