கேட்டால் நீட்ட ஒன்று

சென்னை விமான நிலையம். 2025 பிப்ரவரி, இரவு மணி இரண்டு. அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிரிட்டனில் தங்கும் வெளிநாட்டவருக்கு அந்த அரசு கொடுத்த அடையாள அட்டையான பி.ஆர்.பி. கார்டை வாங்கினார், முன்னும் பின்னும் திருப்பினார்.

"மேடம், இது டிசம்பர் 31ஓட முடிஞ்சிருச்சே?"

முடிந்துதான் இருந்தது. ஆனால் முடிந்தது கார்டு மட்டும்தான். எனக்கு இருப்பது ஐ.எல்.ஆர்., அதாவது காலவரையறை இல்லாமல் பிரிட்டனில் தங்கும் உரிமை. காலவரையறை இல்லை என்று சொல்லும் கார்டிலேயே 31 டிசம்பர் 2024 என்று ஒரு காலாவதித் தேதியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மட்டுமில்லை, எண்ணற்ற பேர் கார்டில் அதே தேதிதான். அதற்குப் பிறகு கார்டே கிடையாது, எல்லாம் இ-விசா என்று பிரிட்டிஷ் உள்துறை முடிவெடுத்துவிட்டது.

"சரி மேடம், அப்போ அந்த இ-விசாவைக் காட்டுங்க."

இந்தக் 'காட்டுங்க'வில்தான் எல்லாம் இருக்கிறது. இ-விசா என்பது ஒரு பி.டி.எஃப். என்றோ, போனில் வைத்துக்கொள்ளும் ஒரு படம் என்றோ பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உள்துறையின் கணினியில் என் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது. அதைப் பார்க்க நான் இணையத்தில் நுழைய வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி போட வேண்டும். போனுக்கோ மின்னஞ்சலுக்கோ ஆறு இலக்கத்தில் ஒரு எண் வரும், அதையும் போட வேண்டும். பிறகுதான் 'ஷேர் கோடு' என்ற ஒன்பது எழுத்து எடுக்கலாம். அதை வாங்குபவர் என் பிறந்த தேதியோடு சேர்த்து இன்னொரு பக்கத்தில் போட்டால் என் முகமும் உரிமையும் அவருக்குத் தெரியும். அந்தக் கோடு 90 நாள் செல்லும்.

ஊருக்கு வந்ததும் லண்டன் சிம்மைக் கழற்றி ஊர் சிம் போட்டிருந்தேன். மறுபடி மாற்றினால் டவர் எடுக்கவில்லை. சரி, மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்வோம் என்றால் அதற்கு நெட் வேண்டும். விமான நிலைய வைஃபைக்கு ஓடிபி வேண்டும். ஓடிபி வர சிம் வேண்டும். பக்கத்து வரிசையில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன் ஹாட்ஸ்பாட் கொடுத்தான், நல்லா இருக்கட்டும். உள்ளே போனால் 'சேவையில் கோளாறு, பிறகு முயலவும்'. மூன்று முறை. கடைசியில் மேலாளர் வந்து எங்கேயோ போன் போட்டார். விமான நிறுவனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள பிரிட்டன் தரப்பில் 24 மணி நேர உதவி எண் ஒன்று உண்டு. பத்து நிமிடத்தில் "ஓகே மேடம், போலாம்" என்றார்.

இதில் வேடிக்கை, காலாவதியான அந்தக் கார்டே அன்றைக்குப் பயணத்துக்குச் செல்லும்! மார்ச் 31 வரை காட்டலாம் என்று உள்துறையே தவணை கொடுத்திருந்தது, பிறகு அதை ஜூன் 1 வரை நீட்டியது. அந்தச் செய்தி அந்தக் கவுன்ட்டரை எட்டவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 2,000 பவுண்டு அபராதம். 'முடிந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்ட கார்டை வைத்துக்கொண்டு, 'ஆனால் முடியவில்லை' என்று நான் சொன்னால் அவர் எதை நம்புவார்?

ஐ.டி. நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "கார்டு தொலைஞ்சா என்ன பண்ணுவே? அடுத்த செகண்ட் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே!" உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். கார்டைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நானே வேலை மாறியபோது ஷேர் கோடு எடுத்து அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 செப்டம்பரிலிருந்தே பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவது கிடையாது. சிட்னியில் இருக்கும் என் சித்தி மகள் அதைப் பற்றி ஒரு நாளும் புலம்பியதில்லை. ஆனால் அங்கேகூடப் பாஸ்போர்ட் இல்லாத அகதிகளுக்கு ஒரு கார்டு கொடுக்கிறார்கள். அமீரகம் 2022இல் பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரை நிறுத்தியது, ஆனால் எமிரேட்ஸ் ஐ.டி. என்ற கார்டை விட்டுவைத்தது. துபாயில் இருப்பவர்களுக்குக் கையில் ஒன்று மிஞ்சியது. எங்களுக்குத்தான் எதுவும் இல்லை.

நல்ல இணையம், நல்ல போன், மாறாத எண், மாறாத பாஸ்போர்ட், ஆங்கிலம் எல்லாம் இருந்தால் இ-விசா அருமையான ஏற்பாடு. இதில் ஒன்று குறைந்தாலும் போச்சு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். புது எண்ணை இணையத்தில் உள்ள உங்கள் இ-விசாக் கணக்கில் சேர்க்கும் வரை உங்கள் விசா பழைய பாஸ்போர்ட்டோடுதான் கட்டப்பட்டிருக்கும். நம் பெயர்கள் வேறு தனிக்கதை. இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, அது குடும்பப் பெயர் கட்டத்துக்குள் போய், டிக்கெட்டில் ஒரு வரிசையும் கணக்கில் இன்னொரு வரிசையுமாக நிற்கும். கார்டில் இருந்தால் மனிதக் கண் பார்த்து, "ஓ, அதே ஆள்தான்" என்று விட்டுவிடும். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், சோதிப்பவரின் பயம். பிரிட்டனில் எல்லைக் காவல் வேலையை முதலாளியிடமும் வீட்டுக்காரரிடமும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரியிலிருந்து முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு விடுபவருக்கு 10,000 வரை. இப்போது நீங்களே வீட்டுக்காரராக இருந்து யோசியுங்கள். ஒருவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். இன்னொருவர், "என் பிறந்த தேதி இது, கோடு இது, இந்த வெப்சைட்டுக்குப் போங்க, இப்ப வேலை செய்யலேன்னா சாயங்காலம் பாருங்க" என்கிறார். சாவி யாருக்குப் போகும்? வாடகைச் சோதனையால் பாகுபாடு நடக்கிறது என்பதை 2019இல் உயர் நீதிமன்றமும், 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டன. ஆனாலும் சட்டம் செல்லும் என்று மேல்முறையீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அதில் சொல்ல என்ன இருக்கிறது.

என் கூட வேலை பார்த்த ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம். விசா நீட்டிப்புக்கு உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தார். 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவுப்படி, முடிவு வரும்வரை பழைய உரிமை அப்படியே தொடரும். சட்டத்தில் தொடர்கிறது, சரி. காட்ட என்ன இருக்கிறது? கார்டு காலாவதி, கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். இதே பிரச்சினைக்காகத் தொடுத்த வழக்கில், இந்த 3சி உரிமைக்கு டிஜிட்டல் சான்று தராமல் இருப்பது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. எல்லாம் டிஜிட்டல் என்று மார்தட்டும் உள்துறைக்கு டிஜிட்டல் சான்றைத் தரச் சொல்ல நீதிமன்றம் தேவைப்பட்டது!

இனி எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிவே அவருக்காகத்தான்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் இருபது வருடத்துக்கும் மேலாக இருப்பவர். பருத்தித்துறைக்காரர். கணவருக்கு விசா கிடைத்த பிறகு 1990களின் கடைசியில் பிள்ளைகளோடு வந்தார். பழைய இலங்கைப் பாஸ்போர்ட் ஒன்றில் நிரந்தர விசா முத்திரை. மையில் குத்திய வெறும் முத்திரை. அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருடம். புதியதோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். குடியுரிமை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பார். மையில் குத்திய முத்திரைக்காரர்கள் தனியாக ஒரு விண்ணப்பம் போட்டுத்தான் இ-விசாவுக்கு மாற வேண்டும். போன கோடையில் நான்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். போன் எண் பேரனுடையது, மின்னஞ்சலும் பேரன் உண்டாக்கியது. பேரன் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறான். ஆக, இந்த நாட்டில் வாழும் உரிமையை அவர் நிரூபிக்க வேண்டுமானால் அந்தப் பையன் விரிவுரையில் இருக்கக் கூடாது.

அன்றைக்கு எல்லாம் முடிந்து, திரையில் அவர் முகமும் 'காலவரையறை இல்லை' என்ற வரியும் வந்ததும், "பாருங்கம்மா, வந்திடுச்சு" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி பிள்ளை. இதை எப்ப தபாலிலை அனுப்புவினம்?"

அனுப்ப மாட்டார்கள் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அங்கை செக்பொயின்ற்றிலை அடையாள அட்டை இல்லாமல் ஒரு அடி வைக்கேலாது. தலையணைக்குக் கீழை வைச்சிட்டுத்தான் நித்திரை. ஓடேக்கையும் முதலிலை எடுத்தது அதைத்தான். இங்கை வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு, என்னட்டை ஒண்டும் இல்லை, எல்லாம் எங்களிட்டை இருக்கெண்டு சொல்லினம். இருக்கும்தான். அவை துலைச்சுப்போட்டால்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவர்கள் தொலைத்திருக்கிறார்கள். 1973க்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து குடியேறியவர்களை, நாற்பது ஐம்பது வருடம் கழித்து, "சான்று எங்கே?" என்று கேட்டு வேலையை, வீட்டை, மருத்துவத்தைப் பறித்தார்கள், சிலரை நாடுகூடக் கடத்தினார்கள். விண்ட்ரஷ் ஊழல் என்று 2018இல் நாறிய கதை இதுதான். அவர்கள் வந்திறங்கியதைக் காட்டக்கூடிய பழைய தரையிறங்கு அட்டைகளை 2010இல் அழித்தது வேறு யாருமில்லை, உள்துறையேதான். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் அந்த விவகாரத்தில் பதவி விலகினார். பதவி போனவருக்கு வேறு பதவி வரும். அன்று வேலை போனவர்கள் பலர் நிவாரணத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு "எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, நம்புங்கள்" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

கார்டு வரலாறும் ஒரு கூத்துதான். 2008இல் வெளிநாட்டவருக்கு இந்தக் கார்டு வந்தபோது, அதன் கூடவே பிரிட்டிஷ்காரர்களுக்கும் அடையாள அட்டை என்ற திட்டம் இருந்தது. 'எங்களை எண் போட்டு அடைக்கப் பார்க்கிறார்கள்' என்று பெரிய எதிர்ப்பு. 2010இல் புது அரசு வந்ததும் குடிமக்களின் அட்டையை ஒழித்தது, வெளிநாட்டவர் கார்டு மட்டும் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் பிரதமர் ஸ்டார்மர், வேலைக்கு இனி எல்லோருக்கும் டிஜிட்டல் அடையாளம் என்று அறிவித்ததும் மறுபடி கொந்தளிப்பு. எதிர்ப்பு மனுவில் இருபது லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. போன் இல்லாதவர் என்ன செய்வார், சர்வர் படுத்தால் என்ன ஆகும், தகவல் கசிந்தால் யார் பொறுப்பு என்று அத்தனையும் நியாயமான கேள்விகள். என் பக்கத்து மேசை ஆங்கிலேயப் பெண் படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். "இதெல்லாம் எங்களுக்கு ஏற்கனவே இருக்கு" என்றேன். "அப்படியா?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் இணையத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், கூடவே கையில் ஒன்று கொடுங்கள் என்கிறேன். பெரிய விஞ்ஞானம் வேண்டாம். கொரோனா காலத்தில் தடுப்பூசிச் சான்றிதழைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள், ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நம் ஆதார் தாளில்கூட அப்படி ஒன்று இருக்கிறது. ஊரில் ரேஷன் கடையில் கைரேகை விழாமல் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஆனால் அங்கேயும் பையில் ஒரு ஸ்மார்ட் கார்டு இருந்தது, அதை மேசையில் வைத்துவிட்டுச் சண்டை போட முடிந்தது.

அது வரும்வரை என் பாடு இதுதான். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே வீட்டிலிருந்து நுழைந்து ஷேர் கோடு எடுத்துத் தாளில் எழுதிக்கொள்கிறேன். இ-விசாப் பக்கத்தை அச்சடித்து வைத்துக்கொள்கிறேன். அது சட்டப்படி சான்று இல்லை, ஆனாலும் கவுன்ட்டரில் பேச்சை ஆரம்பிக்க உதவும். லண்டன் சிம்மைக் கழற்றுவதில்லை. வீட்டில் யாருக்குப் பாஸ்போர்ட் புதிதாக வந்தாலும், பிரித்த கையோடு கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை.

எதிர்வீட்டு அம்மாவுக்கும் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் லேமினேட் செய்து, பழைய பாஸ்போர்ட்டோடு அதே ரப்பர் பேண்டில் கோத்துக் கைப்பையில் வைத்திருக்கிறார். "இது செல்லாதும்மா" என்று இரண்டு முறை சொன்னேன். தெரியும் என்றார்.

அடுத்த மாதம் தமக்கையின் ஆண்டுத் திவசத்துக்குக் கொழும்பு வழியாக ஊருக்குப் போகிறார். போவது பிரச்சினை இல்லை, திரும்பி ஏறும்போதுதான். அன்று இரவு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருக்கப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பேரனுக்கு மறுநாள் பரீட்சையாம்.