குரோம் அடிக்கிறதும் இந்த ஊரு ஈரக்காத்தும்

கன்ப்லா பொம்மைக்கு, அதான் நாமளே கோத்து செய்யுற கன்டம் ரோபோ பிளாஸ்டிக் மாடலுக்கு, கண்ணாடி மாதிரி குரோம் ஃபினிஷ் குடுக்கணும்னு ஆசைப்பட்டா சிங்கப்பூர்ல இருக்கவே கூடாதுபா. முதல்ல பளபளன்னு மின்னுற கருப்பு பெயின்ட் அடிக்கணும், அது நல்லா இறுகினாதான் மேல குரோம் மின்னும், இங்கதான் காத்துல ஈரம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேலயே நிக்குதே, பெயின்ட்ல கலந்த தின்னர் ஆவியாகும்போது சில்லுன்னு ஆகி அந்த ஈரத்த இழுத்துக்கும், அந்த லேக்கர் வகை கருப்பு பெயின்ட் அப்படியே வெள்ளையா பூத்துப்போயிடும். சரின்னு ஏர்கான் போட்டு ஜன்னல அடைச்சா வாடை வீடு முழுக்க, அம்மா கதவத் தட்டி "டேய், வீட்டுக்குள்ளயே பெயின்ட் கடை வச்சிருக்கியா"ங்கிறாங்க, ஜன்னலத் திறந்தா கீழ்வீட்டுக்காரங்க துணி மூங்கில் கழியில காயுது, அதுல பட்டா அது வேற பஞ்சாயத்து.

இத்தனையும் தாண்டி ஏர்பிரஷ்ல காத்தழுத்தத்த 15 பிஎஸ்ஐக்குள்ள வச்சு மெலிசு மெலிசா அடிச்சு, முகம் பாக்குற அளவுக்கு வந்ததும் அடடான்னு இருக்கும். அதோட யாரும் தொடக்கூடாது. தொட்டா விரல் ரேகை. பாதுகாப்புக்குன்னு மேல நிறமில்லாத கிளியர் கோட் அடிச்சா பல நேரம் குரோம் செத்து சாதா சில்வராயிடும் (இதுக்கா இவ்ளோ பாடு?). யூடியூப்ல குளிர் ஊர்ல உக்காந்துகிட்டு "ரொம்ப ஈஸி"ன்னு சிரிக்கிறவங்கள பாத்தா பத்திக்கிட்டு வருது. இதுல வீட்டுக்கு வந்த சித்தப்பா கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஒரு ஸ்ப்ரே கேன் போதாதா தம்பி"ங்கிறாரு. போதாது சித்தப்பா, முதல்ல கீழ வைங்க.